பழைய வரைபடத்தில் நம்ம ஊர் எங்கே? ஆசியாவை அன்று எப்படிப் பார்த்தார்கள்: கொங்கு நாட்டிலிருந்து வரும் கேள்விகள்

பழைய உலக வரைபடங்களைப் பற்றி ஈரோட்டிலோ காங்கேயத்திலோ பேச்செடுத்தால் முதல் கேள்வி ஒன்றுதான் வரும்: "அதுல நம்ம ஊரு இருக்குதுங்களா?" நல்ல கேள்வி அது. கடற்கரை ஊர்கள் எந்த வரைபடத்திலும் எப்படியாவது இடம்பிடித்துவிடும். கொங்கு நாடு கடல் இல்லாத உள்நாடு. ஒருவர் ஆசியாவை எவ்வளவு தூரம் உள்ளே வந்து பார்த்தார், யார் சொல்லிக் கேட்டார், எதற்காகக் கேட்டார் என்பதெல்லாம் நம்ம ஊர் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே தெரிந்துவிடும். அதனால் இங்குள்ள பதில்கள் எல்லாமே கொங்கு நாட்டில் நின்றுகொண்டு கண்டத்தைப் பார்ப்பவை.

சரி, இருக்குதுங்களா?

இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 150ல் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் இருந்த தாலமி, அன்றைக்குத் தெரிந்த உலகத்தின் சுமார் 8,000 இடங்களைப் பட்டியலிட்டார். பெரும்பாலானவற்றுக்கு அட்சரேகை, தீர்க்கரேகையும் கொடுத்தார். அந்தப் பட்டியலில் தென்னிந்தியாவின் உள்நாட்டு ஊர்கள் வரும் இடத்தில் 'கரூரா' என்று ஓர் ஊர் வருகிறது. சேர மன்னனின் தலைநகரம் என்று குறிப்பும் இருக்கிறது. இது நம் கரூர்தான் என்று சொல்லும் அறிஞர்கள் பலர். கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. கரூர் தரப்புக்கு வலுவான சான்றுகள் உள்ளன. அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரல் இரும்பொறை மரபினரின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இன்னொரு குறிப்பும் இருக்கிறது. 'பெரில் கல் கிடைக்கும் இடம்' என்று சொல்லி, 'புன்னாட்டா' என்ற ஊரைத் தாலமி எழுதுகிறார். நீலமும் பச்சையும் கலந்த அந்தக் கல்லுக்கு ரோமில் பெரிய மதிப்பு. புன்னாட்டாவைத் தென் கர்நாடகத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அதே கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலும் கிடைத்தது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அதைப் பட்டை தீட்டி மணியாக்கிய பட்டறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லி, அங்கு செய்த அணிகலன்களைப் பாடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தாலமியின் பட்டியலில் நம் பக்கத்துக்குக் கிடைத்த சிறப்புக் குறிப்புகள் ராஜாவும் ரத்தினமும்தான். சோளமும் கம்பும் விளைந்த காடுகள், மாடு மேய்த்த மேய்ச்சல் நிலங்கள் எதுவும் இல்லை. வாங்க வந்தவன் கண்ணில் பட்டது மட்டும்தான் வரைபடத்துக்குள் போனது.

தாலமி இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

இல்லை. கப்பல்காரர்களும் வியாபாரிகளும் சொன்னதைக் கேட்டும், முன்பு எழுதியவர்களைப் படித்தும்தான் கணக்குப் போட்டார். "அங்கிருந்து இத்தனை நாள் பயணம்" என்ற தகவலை டிகிரியாக மாற்றினார். காற்று நன்றாக அடித்த நாளும் நின்றுபோன நாளும் ஒன்றாகிவிடும்போது தூரம் எப்படிச் சரியாக வரும்?

அவர் கணக்குப்படி வரைந்தால் இந்தியாவின் முக்கோண வடிவமே இருக்காது. கடற்கரை மேற்கிலிருந்து கிழக்காக, கிட்டத்தட்ட படுத்தாற்போலப் போகும். இலங்கை மட்டும் நிஜ அளவைப்போலப் பல மடங்கு பெரிதாக நிற்கும். இந்தியப் பெருங்கடலோ நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த ஏரிபோல இருக்கும். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் தெற்கே ஒரு நிலம் இணைக்கும். இலங்கை அவ்வளவு பெரிதானதை வெறும் பிழை என்று நான் ஒதுக்க மாட்டேன். முத்துக்கும் மணிக்கும் பேர்போன தீவு அது. வியாபாரிகள் பேச்சில் அது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் புரியும்.

இத்தனைக்கும் தாலமி கையால் வரைந்த படம் எதுவும் இன்று இல்லை. நமக்குக் கிடைப்பவை 13ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் அவருடைய பட்டியலை வைத்து மற்றவர்கள் வரைந்தவை.

ரோமானியர்கள் வரைந்த படம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

நகல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள பியூட்டிங்கர் பாதைப்படம். பழைய ரோமானியப் படத்தைப் பார்த்து சுமார் 1200ஆம் ஆண்டை ஒட்டித் தோலில் எழுதியது. ஆறரை மீட்டருக்கும் மேல் நீளம், அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. இவ்வளவு ஒடுங்கிய தோலில் உலகத்தை அடக்க வேண்டும் என்பதால் நாடுகளெல்லாம் இழுத்து நீட்டப்பட்டிருக்கும். வடிவம் முக்கியமில்லை, வழியும் ஊரும் இடையிலுள்ள தூரமும்தான் முக்கியம். இன்று மெட்ரோ ரயில் படம் பார்ப்பவர்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும்.

அதன் கிழக்கு ஓரத்தில், கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறி இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஏரியும் அகஸ்டஸ் கோயில் என்று ஒரு கட்டடமும் வரைந்திருக்கிறார்கள். முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே ஏறி, கோவைப் பக்கம் வெள்ளலூர், கொடுமணல், கரூர் என்று காவிரி நோக்கிப் போன பெருவழியில்தான் ரோமானியக் காசுப் புதையல்கள் இவ்வளவு கிடைக்கின்றன. அந்த வழி படத்தில் இல்லை. மண்ணுக்குள் இருந்த காசுகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.

இந்தியாவில் நாய்த்தலை மனிதர்கள், ஒற்றைக்கால் மனிதர்கள் இருந்ததாக வரைந்தார்களாமே?

வரைந்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் இருக்கும் உலகப்படம் சுமார் 1300ல் ஒரே கன்றுத்தோலில் வரைந்தது. கிழக்கு மேலே, ஜெருசலேம் நடுவில். மேல் பாதி முழுக்க ஆசியா. உச்சியில் ஏதேன் தோட்டம், அதற்குச் சற்றுக் கீழே இந்தியா. ஒற்றைப் பாதத்தையே குடையாகப் பிடித்துப் படுத்திருக்கும் மனிதனும் அங்கே இருக்கிறான்.

இந்தக் கதைகள் கிரேக்கர் காலத்திலேயே கிளம்பிவிட்டன. மௌரியர் அவைக்கு வந்து இந்தியாவைப் பற்றி எழுதிய மெகஸ்தனிஸ்கூட இந்த மாதிரிக் கதைகளைச் சேர்த்துக்கொண்டார். படிக்கும்போது நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் இதே படத்தில் சொர்க்கத்தை எங்கே வைத்தார்கள் என்றும் பாருங்கள்: நம்ம பக்கம்தான். தூரத்து நாடு பயமாகவும் ஆசையாகவும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது. வியாபாரம் செய்தவன் இங்கே கல்லையும் மிளகையும் பார்த்தான். வரவே முடியாதவன் சொர்க்கத்தையும் அரக்கனையும் பார்த்தான்.

நம் முன்னோர்கள் வரைபடமே வரையவில்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையப் பேசத் தோன்றுகிறது.

நம்மவர்கள் உலகத்தை வட்டவட்டமாகப் பார்த்தார்கள். நடுவில் மேரு மலை, அதைச் சுற்றி நாவலந்தீவு, அதற்கு வெளியே உப்புக்கடல், பிறகு இன்னொரு தீவு, கருப்பஞ்சாற்றுக் கடல், இப்படிப் பாற்கடல் வரைக்கும், அதையும் தாண்டியும். அதை இன்றைய பூகோளத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது வழி கண்டுபிடிக்க வரைந்ததல்ல. மனிதன் இந்தப் பிரபஞ்சத்தில் எங்கே நிற்கிறான் என்று சொல்ல வந்தது. இன்றும் கோயிலில் சங்கல்பம் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஜம்புத்வீபம், பாரத வருஷம், மேருவுக்குத் தெற்குப் பக்கம் என்று இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் பெயரும் நட்சத்திரமும் வரும்.

சமணர்கள் இதைத் துணியில் அழகாக வரைந்தார்கள். 'இரண்டரைத் தீவு' படங்கள் என்பார்கள். 15ஆம் நூற்றாண்டு முதல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் வரைந்தவை நிறையக் கிடைக்கின்றன. நாவலந்தீவுக்குக் குறுக்களவு ஒரு லட்சம் யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு). அதில் பரத நாடு எங்கே இருக்கிறது தெரியுமா? தெற்கு ஓரத்தில், வில் வடிவத்தில் ஒரு சின்னக் கீற்றாக. ஐரோப்பியர் தம் புனித நகரத்தை நடுவில் வைத்தார்கள். இந்தப் படத்தை வரைந்தவர்கள் தம் நாட்டை ஓரத்தில் வைத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விஜயமங்கலத்திலும் சீனாபுரத்திலும் வாழ்ந்த கொங்குச் சமணர்கள் மனதிலும் இந்த உலகம்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், சொல்லால் வரைந்த படம். விஜயமங்கலத்துக் கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் நாட்டின் நான்கெல்லையைச் சொல்லிவிடுகிறது: கிழக்கே மதிற்கரை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளிமலை, வடக்கே பெரும்பாலை. நம் பத்திரத்தில் எழுதும் செக்குபந்தி மாதிரியேதான் இது; ஒரு வயலுக்கு எழுதுவதை ஒரு நாட்டுக்கே எழுதியிருக்கிறார்கள். வழங்கிவரும் இன்னொரு வெண்பா வடக்கே தலைமலை, கிழக்கே குளித்தலை என்று எல்லையை வேறாகச் சொல்கிறது. எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. எல்லை காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது. மாயனூர் அருகே மதுக்கரைச் செல்லாண்டியம்மன் கோயிலை மூவேந்தர் எல்லையும் கூடிய இடம் என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். தாளில் வரைந்த கோட்டை எத்தனை பேர் இப்படி நினைவில் வைத்துக் கும்பிடுவார்கள்?

பழைய படங்களில் வடக்கு ஏன் மேலே இல்லை?

வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தாலமி வழி வந்தவை வடக்கை மேலே வைத்தன. கிறித்தவ உலகப்படங்கள் கிழக்கை வைத்தன. 1154ல் சிசிலி அரசர் ரோஜருக்காக அல் இத்ரீசி செய்த படத்தில் தெற்கு மேலே. பார்க்கும்போது தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கிழக்கு ஆசியாவில் எப்படிப் பார்த்தார்கள்?

1402ல் கொரியாவில் உருவான கங்னிடோ படத்தில் நடுவில் பெரிய சீனா, பக்கத்தில் நிஜத்தைவிடப் பெரிதான கொரியா. ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் மேற்கு ஓரத்தில் சிறுத்துக் கிடக்கும். இந்தியத் தீபகற்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அந்த அளவுக்குச் சீன நிலத்துக்குள் ஒட்டிப்போயிருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைக் கடல் சூழ்ந்திருப்பதைப் போர்த்துகீசியர் அங்கே போவதற்கு 80 வருடங்களுக்கு மேல் முன்னாலேயே அதில் வரைந்துவிட்டார்கள்.

குமரிக் கண்டம் எந்தப் பழைய வரைபடத்திலாவது இருக்கிறதா?

இல்லை. இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. இறையனார் களவியல் உரை கடல்கொண்ட நாடுகளைப் பற்றிப் பேசுகிறது. இவை நம் இலக்கியத்தின் சொத்து. லெமூரியா என்பது வேறு இடத்திலிருந்து வந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் இருந்ததை விளக்க, 1864ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தை ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்குத் தேவையில்லாமல் போய்விட்டது. இந்த இரண்டையும் சேர்த்து 20ஆம் நூற்றாண்டில் வரைந்தவைதான் இன்று கைப்பேசியில் சுற்றும் குமரிக் கண்டப் படங்கள்.

தாலமியின் பெரிய இலங்கையையும் தெற்கத்தி நிலத்தையும் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அது செல்லாது. அந்தப் படமே கேட்டதையும் படித்ததையும் வைத்துப் போட்ட கணக்கு என்று மேலே சொல்லியாயிற்று. கடைசிப் பனியுகத்தில், ஏறக்குறைய 20,000 வருடங்களுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் நீரிணை அன்று நிலம். கரையோரம் நிலம் மூழ்கியது உண்மை, ஒரு கண்டம் மூழ்கவில்லை. ஆனாலும் அந்த 20ஆம் நூற்றாண்டுப் படங்களைத் தூக்கி எறியாதீர்கள். தன் பழமைக்கு ஒரு நிலம் வேண்டும் என்று ஒரு சமூகம் எவ்வளவு ஏங்கியது என்பதற்கு அவை அசலான ஆவணம்.

ஐரோப்பியர் கப்பலில் வந்த பிறகு வரைபடம் சரியாகிவிட்டதா?

கரை சரியானது. வாஸ்கோ ட காமா 1498ல் கோழிக்கோடு வந்தார். நாலே வருடத்தில், 1502ல், லிஸ்பனிலிருந்து ரகசியமாக இத்தாலிக்குக் கடத்தப்பட்ட காண்டினோ படத்தில் இந்தியா கூர்மையான தீபகற்பமாக நிற்கிறது. வரைபடம் அன்று அரசாங்க ரகசியம். மிளகு வரும் வழி அல்லவா!

உள்நாட்டின் கதை வேறு. கரையெங்கும் எறும்பு ஊர்வதுபோலத் துறைமுகப் பெயர்கள். உள்ளே நாலைந்து ஊர், ஒரு மலை, ஒரு யானை. ஏராளமான கோயிலும் சந்தையும் பாசன வாய்க்காலும் இருந்த நாடு படத்தில் காலியிடம். வரைந்தவருக்குத் தெரியாது என்பதைத் தவிர அந்தக் காலியிடத்துக்கு வேறு பொருள் இல்லை. பிரெஞ்சுக்காரர் தான்வில் 1749ல் ஆப்பிரிக்கப் படம் வரைந்தபோது நம்பகமான தகவல் இல்லாத பகுதியை வெற்றிடமாகவே விட்டார். நேர்மையான செயல். ஆனால் பிற்காலத்தில் வந்தவர்கள் 'காலி' என்பதை 'ஆளில்லாத இடம், எடுத்துக்கொள்ளலாம்' என்று படித்தார்கள்.

நிரப்பினாலும் ஆபத்துதான். இந்தியாவின் புகழ்பெற்ற படம் ஒன்றை 1782ல் வெளியிட்ட ஜேம்ஸ் ரென்னல், 1798ல் மங்கோ பார்க்கின் பயணத் தகவலை வைத்து மேற்கு ஆப்பிரிக்காவில் 'கோங்' என்று ஒரு மலைத்தொடரை வரைந்தார். பெரிய மனிதர் வரைந்தது என்று எல்லோரும் நகலெடுத்தார்கள். 1880களின் கடைசியில் பின்ஷே என்ற பிரெஞ்சு அதிகாரி நேரில் போய்ப் பார்த்தார். அங்கே அப்படி ஒரு மலைத்தொடரே இல்லை. ஏறக்குறைய 90 வருடம், இல்லாத மலை ஒரு கண்டத்தைக் குறுக்கே மறித்து நின்றிருக்கிறது. நம்மைப் பற்றிய பழைய படங்களையும் இந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

கொங்கு நாட்டை எப்போது அளந்து வரைந்தார்கள்?

1799ல் திப்பு வீழ்ந்ததும் கோயமுத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அடுத்த வருடமே பிரான்சிஸ் புக்கானன் வந்தார். பயிர், பாசனம், நெசவு என்று ஊர் ஊராக விசாரித்து எழுதினார். வில்லியம் லாம்டன் 1802ல் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்து முடித்தபோது, முன்பு 400 மைல் என்று நினைத்த அகலம் சுமார் 360 மைல்தான் என்று தெரிந்தது. தீபகற்பம் ஒரே வீச்சில் 40 மைல் ஒல்லியாகிவிட்டது.

பிறகு வடக்கு தெற்காக, 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டி நீண்ட வில் ஒன்றை, அதாவது பூமியின் வளைவை ஒட்டிப் போகும் கோட்டை, அளந்தார்கள். பெங்களூரிலிருந்து அது நம் கொங்கு நாட்டின் ஊடாகத்தான் கன்னியாகுமரிப் பக்கம் இறங்கியது. லாம்டன் 'புட்சபோலியம்' என்று எழுதிவைத்த ஓர் ஊர் அன்றைய கோயமுத்தூர்ப் பகுதியில் இருந்தது. 11 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே; பெயரைக் கேட்டால் பச்சாபாளையம் என்று தோன்றுகிறது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்து இரவிரவாக எடுத்த அளவுகள் பூமியின் வடிவத்தையே கணக்கிட உதவின. இந்த வில்லைத்தான் பிற்பாடு ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற அளவை அதிகாரி இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய் 1841ல் முடித்தார்.

கொடி பிடித்தவர்கள், மலை ஏறியவர்கள், சங்கிலி இழுத்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர் ஆட்கள். படத்தின் மூலையில் அவர்கள் பெயர் இல்லை. இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இன்றைய பள்ளிக்கூட உலகப்படம் சரிதானே?

சுவரில் தொங்கும் படங்களில் இன்னும் பல மெர்கேட்டர் 1569ல் கண்டுபிடித்த முறையைச் சேர்ந்தவை. மாலுமிக்குத் திசை சரியாக வர வேண்டும் என்பதற்காகச் செய்தது. துருவம் நோக்கிப் போகப்போக நிலம் ஊதிக்கொண்டே போகும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 3 கோடி சதுர கிலோமீட்டருக்கும் மேல்; கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம்தான், 14 மடங்கு சின்னது. இந்தியாவே 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். பிள்ளைகள் கையில் ஒரு உலக உருண்டையைக் கொடுங்கள்.

ஆசியா எங்கே முடிந்து ஐரோப்பா எங்கே தொடங்குகிறது?

அன்று டான் ஆறு என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் யூரல் மலைக்கு மாற்றினார்கள். நடுவில் கடல் கிடையாது. மனிதர் பேசி முடிவு செய்த எல்லை.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்? எதைத் தேட வேண்டும்?

மேலே சொன்ன பெரும்பாலான படங்களை நூலகங்கள் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குப் போட்டிருக்கின்றன. பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கரூர் அருங்காட்சியகத்தில் காசுகளைப் பார்த்துவிட்டுப் பிறகு தாலமி படத்தைத் திறந்தால் வேறு மாதிரி இருக்கும்.

தென்னிந்தியப் படம் எது கிடைத்தாலும் முதலில் காவிரியைப் பிடித்து மேலே ஏறுங்கள். பவானி கூடும் இடம் இருக்கிறதா? மேற்கு மலையில் பாலக்காட்டுக் கணவாய்க்கு இடைவெளி விட்டிருக்கிறார்களா, சுவராக மூடிவிட்டார்களா? அந்த இடைவெளி இருந்தால், வரைந்தவர் கரையைவிட்டு உள்ளே போனவர் யாரையாவது கேட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் படத்தின் மூலையில் இருக்கும் அலங்காரச் சித்திரம். ரென்னலின் இந்தியப் படத்தில், பிரிட்டானியா தேவியின் முன் பிராமணர்கள் சாஸ்திரச் சுவடிகளை ஒப்படைக்கிறார்கள். நிலத்தை அளந்த கைக்கு அந்த நிலத்தின் அறிவும் சொந்தம் என்று நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய படம் ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் லேமினேஷன் போடாதீர்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடங்களில் தாளை மஞ்சளாக்கி அரித்துவிடும். மடிப்பை வலிந்து பிரிக்காமல் மெதுவாக விரித்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், சில சமயம் விலையும் கைமாறிய விவரமும் அங்கேதான் இருக்கும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். யார் காலத்தில், எந்தக் காரியத்துக்காக வீட்டுக்கு வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி அதோடு வையுங்கள். கிராமப் படமாக இருந்தால் இன்றைய புலப்படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காணாமல் போன குட்டை, வழித்தடம், வண்டிப்பாதை எல்லாம் அப்போது வெளிவரும்.